46.7 கிலோ காந்தி: டயட் இருக்கிறவங்க அவர்கிட்ட எதை எடுக்கலாம், எதை விடணும்?

உங்க வீட்டு அரிசி மூட்டையை ஒரு தடவை திருப்பிப் பாருங்க. சென்னையிலோ வட மாவட்டங்களிலோ இருந்தால், அதில் ஆரணி என்றோ களம்பூர் என்றோ அச்சடித்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்தில், ஆரணியில் இருந்து போளூர் போகிற பக்கம் இருக்கிற ஊர் களம்பூர். விழுப்புரம் - காட்பாடி ரயிலில் வந்தால் ஸ்டேஷன் பலகையில் ஆரணி ரோடு என்று போட்டிருக்கும். இறங்கி நடந்தால் அது களம்பூர். ஆரணிப் பட்டுக்குத் தறி ஓடுகிற ஊர் என்பது ஒரு அடையாளம், ரைஸ் மில் ஊர் என்பது இன்னொன்று.

அந்த மில்லுக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரியுமா? நெல்லை ஊறவைத்து, ஆவியில் அவித்து, உலர்த்துகிறார்கள். பிறகு உமியை நீக்குகிறார்கள். அப்போது கிடைக்கிற அரிசி லேசான பழுப்பு நிறத்தில் இருக்கும். அதை அப்படியே மூட்டை கட்டுவது அபூர்வம். பாலிஷ் மெஷினில் விட்டு மேல்தோலைத் தீட்டி, தவிட்டைத் தனியாகப் பிரித்து, நிறம் மாறின மணிகளை ஒரு மெஷின் பொறுக்கித் தள்ளின பிறகுதான் அரிசி வெள்ளை வெளேர்னு சிப்பத்துக்குள் போகும். (25 கிலோ வரைக்குமான பேக்கிங் அரிசிக்கு 2022-ல் ஜி.எஸ்.டி. வந்ததும் மூட்டைகள் 26 கிலோவாகக் குண்டானது தனிக்கதை!) தவிடு எண்ணெய் ஆலைக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் லாரி ஏறிவிடும்.

இப்போ உங்க ஒரு நாளை யோசிங்க. காலையில் இட்லி, மதியம் சாதம், ராத்திரி தோசை. மூணும் ஒரே தானியம்தான், சட்டை மட்டும் வேற. தாத்தா குழித்தறியில் உட்கார்ந்தார், நீங்க லேப்டாப் முன்னாடி உட்கார்றீங்க. அவர் காலாவது மிதிகட்டையில் ஓடிக்கொண்டிருந்தது. ராத்திரி 11 மணிக்குத் தொப்பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, 7 நாளில் 5 கிலோ குறைப்பது எப்படின்னு ரீல்ஸ் தேடுறீங்க.

மில்லில் போகிற அந்தத் தவிட்டைப் பற்றி 90 வருஷத்துக்கு முன்னாடியே கவலைப்பட்ட ஒருத்தர் இருந்தார். உங்க பர்ஸில் இருக்கிற நோட்டில் சிரிக்கிறவர்தான். மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. அரசியல் காந்தியைப் பள்ளிக்கூடத்தில் படிச்சிருப்பீங்க. சாப்பாட்டுக் காந்தி வேற ஆள். ஏறக்குறைய 60 வருஷம் தன் வயிற்றையே ஆய்வுக்கூடமாக வைத்து, சரியா வந்ததையும் சொதப்பினதையும் ஒளிக்காமல் எழுதிவைத்த மனிதர்.

ஆனால் முதலிலேயே ஒரு எச்சரிக்கை. 2019-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்விதழ் காந்தியின் உடல்நலம் பற்றி ஒரு சிறப்பிதழ் போட்டது. அதில் வெளியான பதிவுப்படி அவர் உயரம் 165 சென்டிமீட்டர், எடை 46.7 கிலோ, பி.எம்.ஐ. 17.1. இன்றைக்கு எந்த டாக்டரிடம் காட்டினாலும் எடை குறைவு என்றுதான் சொல்வார். 18.5-க்குக் கீழே போனாலே அந்தக் கணக்குதான். ரத்த அழுத்தமோ 1937-ல் 194/130, 1940-ல் 220/110. அதனால் அவரை அப்படியே காப்பி அடிக்கிற யோசனை இருந்தால் இப்பவே விட்டுடுங்க. எதை எடுக்கலாம், எதைத் தொடவே கூடாது என்று பார்க்க அவர் வாழ்க்கைக்குள் போகணும்.

பசியோடு லண்டனில் ஒரு பையன்

1869 அக்டோபர் 2, போர்பந்தர். வைணவக் குடும்பம். அம்மா புத்லிபாய்க்கு விரதம் என்பது மூச்சு விடுகிற மாதிரி. மழைக்கால நாலு மாதத்தில் ஒருமுறை, சூரியனைப் பார்க்காமல் சாப்பிட மாட்டேன் என்று இருந்தார். குழந்தைகள் வாசலில் நின்று மேகம் விலகுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். சூரியன் தலைகாட்டியதும் உள்ளே ஓடிச் சொல்வார்கள். அம்மா வெளியே வருவதற்குள் மறைந்துவிடும். அவர் சிரித்துக்கொண்டே வேலைக்குத் திரும்பிவிடுவார். பட்டினி என்பது தண்டனை இல்லை, ஒரு பழக்கம் என்பது அந்தப் பையனுக்குள் அப்போதே விழுந்திருக்கணும்.

அதே பையன்தான் நண்பன் பேச்சைக் கேட்டு ஆற்றங்கரையில் திருட்டுத்தனமாக ஆட்டுக்கறி சாப்பிட்டான். கறி சாப்பிட்டால் ஆங்கிலேயர் மாதிரி பலசாலி ஆகலாம் என்று நம்பிக்கை. அன்று ராத்திரி வயிற்றுக்குள் ஆடு கத்துகிற மாதிரி கனவு. அப்படியும் ஒரு வருஷத்தில் ஐந்தாறு தடவை சாப்பிட்டிருக்கிறார். நிறுத்தினது உடம்புக்காக இல்லை, வீட்டில் பொய் சொல்ல முடியாமல்.

1888-ல் சட்டம் படிக்க லண்டன் கிளம்பினபோது அவருக்கு வயது 18; கரை இறங்கும்போதுதான் 19 நடந்துகொண்டிருந்தது. கறி, மது, பெண் மூன்றையும் தொடமாட்டேன் என்று அம்மாவிடம் சத்தியம் செய்துகொடுத்துவிட்டுத்தான் கப்பல் ஏறினார். அங்கே போனதும் முதல் பிரச்னை பசி. காலையில் ஓட்ஸ் கஞ்சி வயிற்றை நிரப்பும். மதியமும் ராத்திரியும் கீரை, ரொட்டி, ஜாம். நல்லா சாப்பிடக்கூடிய வயசு, நல்ல ஜீரணம், ஆனால் ரெண்டு மூணு துண்டு ரொட்டிக்கு மேல் கேட்கக் கூச்சம். ஹாஸ்டலில் இருந்தவர்களுக்கு இது புரியும். வெறும் வயிற்றோடு தெருத்தெருவாக நடந்து, கடைசியில் ஃபேரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவகத்தைக் கண்டுபிடித்தார். உள்ளே போகும் முன் வாசலில் விற்பனைக்கு இருந்த ஹென்றி சால்ட்டின் சைவம் பற்றிய புத்தகம் ஒன்றை வாங்கினார். இங்கிலாந்துக்கு வந்த பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டது அன்றுதான்.

அதுவரைக்கும் சத்தியத்துக்காகச் சைவம். அந்தப் புத்தகத்துக்குப் பிறகு சொந்த முடிவாகச் சைவம். இந்த வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம், ஆனால் டயட் விஷயத்தில் எல்லாமே இதில்தான் இருக்கு. யாரோ சொன்னாங்கன்னு இருக்கிற டயட், ஆபீஸ்ல ஒரு பிறந்தநாள் கேக் வெட்டினால் முடிஞ்சு போகும்.

பிறகு செலவைக் குறைக்க இறங்கினார். இங்கேதான் விஷயம் சுவாரஸ்யம் ஆகுது. பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தார், தினமும் 8 முதல் 10 மைல். ஒரே அறைக்கு மாறி, ஸ்டவ் வாங்கி, காலையில் ஓட்ஸ் கஞ்சி, ராத்திரி ரொட்டியும் கோகோவும் தானே தயார் செய்தார். ஊரில் இருந்து வரவழைத்த இனிப்பையும் மசாலாவையும் நிறுத்தினார். கொஞ்ச நாளில், முதலில் சப்பென்று இருந்த மசாலா இல்லாத வேகவைத்த கீரை அவருக்கு ருசிக்க ஆரம்பித்தது. ருசி நாக்கில் இல்லை, மனசில் என்பது அவர் அன்றைக்கு எட்டின முடிவு. சர்க்கரை இல்லாத டீயை முதல் வாரம் குடிக்க முடியாமல், மூணாவது வாரம் சர்க்கரை போட்ட டீ தொண்டையில் இறங்காமல் போனவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள்.

முட்டை விஷயத்தில் சின்னதாக ஒரு வழுக்கல் நடந்தது. முட்டை மாமிசம் இல்லை என்று சிலர் சொன்னதை நம்பிக் கொஞ்ச நாள் சாப்பிட்டார். அப்புறம், அம்மாவின் கணக்கில் முட்டையும் மாமிசம்தானே என்று யோசித்து விட்டுவிட்டார். 1891-ல் பாரிஸ்டராகி ஊர் திரும்பியபோதுதான் அவருக்குத் தெரிந்தது: அந்த அம்மா ஏற்கெனவே இறந்துபோயிருந்தார். படிப்பு கெடக் கூடாது என்று குடும்பம் மறைத்துவைத்திருந்தது.

காலைச் சாப்பாட்டை விட்ட வக்கீல்

1893-ல் தென்னாப்பிரிக்கா. வழக்கு ஒன்றுக்காகப் போனவர் 1914 வரைக்கும் அங்கேதான். ஜோகன்னஸ்பர்க்கில் வக்கீல் தொழில் நன்றாகப் போனது. மூணு வேளை சாப்பாடு, மதியம் டீ, உட்கார்ந்த வேலை. அப்படியே உங்க வாழ்க்கைதான். கூடவே மலச்சிக்கலும் அடிக்கடி தலைவலியும்.

மான்செஸ்டரில் காலை உணவை நிறுத்துவோர் சங்கம் என்று ஒன்று ஆரம்பித்ததாக எங்கேயோ படித்தார். தானும் நிறுத்திப் பார்த்தார். முதல் சில நாள் கஷ்டமாக இருந்தது, அப்புறம் தலைவலி போயே போச்சு. தேவைக்கு மேல் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம் என்று முடிவுக்கு வந்தார். இன்றைக்கு இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்ட்டிங் என்ற பெயரில் ஆப் போட்டுக் காசு வாங்குகிற விஷயம், 1900-களின் தொடக்கத்தில் ஒரு குஜராத்தி வக்கீல் ஓசியில் செய்து பார்த்தது. ஆனால் மலச்சிக்கல் மட்டும் தீரவில்லை, அதற்கு இடுப்புக் குளியல், மண் பட்டி என்று தனியாகத் திரிந்தார். ஒரு மாற்றம் எல்லாத்தையும் சரி பண்ணாது என்பதை அவரே மறைக்காமல் எழுதியிருக்கிறார். நீங்க சர்க்கரைக்கு மாத்திரை போடுறவரா, கர்ப்பிணியா? அப்படின்னா வேளையைத் தவிர்க்கிற சோதனையெல்லாம் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

1910-ல் நண்பர் காலன்பாக் கொடுத்த 1,100 ஏக்கரில் டால்ஸ்டாய் பண்ணை. ஜோகன்னஸ்பர்க்கில் இருந்து 21 மைல். சத்தியாகிரகக் குடும்பங்கள் அங்கே சேர்ந்து வாழ்ந்தன, அதில் தமிழர்கள் நிறைய. எல்லாருக்கும் ஒரே சமையல், சைவம். கோதுமையைக் கையால் திரித்து, தவிட்டோடு ரொட்டி. மதியம் சோறு, பருப்பு, காய். சொந்த வேலையாக டவுனுக்குப் போகணும்னா நடைதான். விடியும் முன்னே கிளம்பி 21 மைல் நடந்தார்கள். நம்ம ஊர்க் கணக்கில் போட்டால், களம்பூரில் இருந்து ஆரணிக்கு நடந்து போய்த் திரும்பி, இன்னொரு தடவையும் நடக்கணும்.

இதே காலத்தில்தான் எனக்குப் பிடிக்காத ஒரு சம்பவமும் நடந்தது. கஸ்தூர்பாவுக்கு ரத்தப்போக்கு. உப்பும் பருப்பும் விட்டால் குணமாகும் என்று கணவர் படித்ததை வைத்து வற்புறுத்தினார். உங்களையே விடச் சொன்னால் உங்களாலும் முடியாது என்கிற அர்த்தத்தில் அவர் ஒரு வார்த்தை சொன்னார். உடனே காந்தி ஒரு வருஷத்துக்கு ரெண்டையும் விட்டதாகச் சத்தியம் செய்துவிட்டார். அந்த அம்மா அழுது, தான் விடுகிறேன், நீங்கள் சத்தியத்தை வாபஸ் வாங்குங்கள் என்று கெஞ்சியும் கேட்கவில்லை. காந்திக்கு இது இனிய நினைவு. படிக்கிற நமக்கு, உடம்பு சரியில்லாத மனைவியின் தட்டில் கணவர் கை வைப்பதாகத்தான் தெரியுது. வீட்டில் ஒருத்தர் டயட் ஆரம்பிச்சதும் எல்லாரையும் சுரைக்காய் ஜூஸ் குடிக்க வைக்கிறாங்களே, அந்த வகை. (உப்பைப் பல வருஷம் ஒதுக்கிய இதே மனிதர்தான் 60 வயதில், 1930-ல், உப்புக்காக 24 நாள் 240 மைல் தண்டிக்கு நடந்தார்.)

ஐந்தே ஐந்து பொருள்

1915-ல் இந்தியா திரும்பினார். பழமும் கொட்டைகளும்தான் அப்போது அவர் சாப்பாடு. பாலை 1912-லேயே விட்டாச்சு. எளிமையாகத்தான் இருக்கும்னு நினைப்போம் இல்லையா? கல்கத்தாவில் பூபேந்திரநாத் பாசு வீட்டில் தங்கியபோது நடந்ததைக் கேளுங்க. பழம் சாப்பிடுகிற விருந்தாளி என்று தெரிந்ததும் ஊரில் கிடைக்கிற எல்லாப் பழமும் வரவழைத்தார்கள். வீட்டுப் பெண்கள் ராத்திரி முழுக்கக் கண் விழித்து கொட்டைகளுக்குத் தோல் உரித்தார்கள். எளிய சாப்பாடு என்பது இன்னொருத்தர் தலையில் சுமையாக ஏறியிருந்தது.

அது அவரை உறுத்தியது. அந்த வருஷம் ஹரித்துவார் கும்பமேளாவில் ஒரு முடிவு எடுத்தார்: 24 மணி நேரத்தில் ஐந்து பொருளுக்கு மேல் சாப்பிடுவது இல்லை, இருட்டின பிறகு சாப்பிடுவது இல்லை. மருந்து சாப்பிட்டால் அதுவும் ஐந்தில் சேர்த்தி.

எடை குறைக்கிற ஆட்களுக்குக் காந்தி விட்டுப்போனதில் இதுதான் பெரிய சொத்து என்பது என் கட்சி. ஐந்து என்கிற எண்ணில் மந்திரம் எதுவும் இல்லை. வகை கூடக்கூட நாம் அதிகம் சாப்பிடுவோம். கல்யாணப் பந்தியில் பாருங்க. சாம்பார் சாதத்திலேயே வயிறு நிறைஞ்சிருக்கும். அப்புறம் பிரிஞ்சி வரும், அதுக்கு இடம் இருக்கும். பால் பாயசம் வரும், அதுக்கும் இடம் இருக்கும். கடைசியில் ஐஸ்கிரீம் கவுன்ட்டரில் நிப்போம். வீட்டில் சாதாரண நாளில் சாதம், ஒரு குழம்பு, ஒரு பொரியல், மோர் என்று இருந்தால் கை தானாக நின்றுவிடும்.

இருட்டின பிறகு சாப்பிடாமல் இருப்பது உங்க ஷிஃப்ட்டுக்கு ஒத்துவராமல் போகலாம். பெங்களூரு வேலை முடிச்சு 9 மணிக்கு ரூமுக்கு வர்றவர்கிட்ட 6 மணிக்குச் சாப்பிடுன்னு சொல்றது அநியாயம். ஆனால் 9 மணிக்கு ஒரு தடவை, அப்புறம் படம் பார்த்துக்கிட்டே 12 மணிக்கு டெலிவரி ஆப்பில் இன்னொரு தடவை, அந்த இரண்டாவதை நிறுத்தலாம் இல்லையா?

உடம்பு திருப்பி அடித்த வருஷங்கள்

1918. கேடா மாவட்டத்தில் ஊர் ஊராக நடந்து ராணுவத்துக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார். சாப்பாடு, அரைத்த வேர்க்கடலையும் எலுமிச்சையும்தான் முக்கியமாக. லேசான வயிற்றுக்கடுப்பு வந்தது. பட்டினி போட்டுச் சரி பண்ணப் பார்த்தார். அன்றைக்குப் பண்டிகை நாள். கஸ்தூர்பா கோதுமையில் இனிப்புக் கஞ்சியும் பாசிப்பயறும் செய்து வைத்திருந்தார். கொஞ்சம் ருசி பார்க்கலாம் என்று உட்கார்ந்தவர் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டார். ஒரு மணி நேரத்தில் கடுமையான வயிற்றுப்போக்கு. மருந்தும் வேண்டாம் என்று பிடிவாதம். சாகப்போகிறோம் என்று அவரே நம்புகிற அளவுக்குப் போனது.

இதை நீங்க எங்கேயாவது பார்த்திருக்கீங்களா? வாரம் முழுக்கப் பட்டினி, ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பிரியாணி. அடக்கி அடக்கி வைத்த பசி ஒருநாள் கதவை உடைக்கும். மகாத்மாவுக்கும் உடைத்தது.

எலும்பும் தோலுமாகக் கிடந்தவரிடம், பால் இல்லாமல் இந்த உடம்பைத் தேற்ற முடியாது என்று பம்பாய் டாக்டர் தலால் சொன்னார். பால் குடிப்பதில்லை என்று சத்தியம் இருக்கிறதே? அப்போது பக்கத்தில் நின்ற கஸ்தூர்பா ஒரு வழி சொன்னார். சத்தியம் செய்தபோது மனசில் இருந்தது பசும்பாலும் எருமைப்பாலும்தானே, ஆட்டுப்பாலுக்கு என்ன தடை? காந்தி ஒப்புக்கொண்டார். எழுத்தைக் காப்பாற்றி ஆவியைக் கொன்றுவிட்டோம் என்கிற குற்ற உணர்வு அவரைக் கடைசிவரை விடவில்லை. ஆனால் காந்தி என்றாலே நினைவுக்கு வருகிற அந்த ஆட்டுப்பால், உயிர் பிழைக்க மனைவி கண்டுபிடித்த சந்து!

அப்படியும் மனிதர் அடங்கினாரா? 1929-ல் சமைக்காத உணவு சோதனை. முளைவிட்ட கோதுமை, ஊறவைத்த பயறு, பச்சைக் கீரை, எலுமிச்சை, தேன். ஆசிரமத்தில் பலர் சேர்ந்துகொண்டார்கள். ஆரம்பத்தில் உற்சாகமாக எழுதினார். பிறகு உடம்பு தளர்ந்தது, வயிற்றுக்கடுப்பு வந்து படுத்தார், சோதனையை நிறுத்திவிட்டு அதையும் எழுதினார். பச்சைக் காய்கறி டயட்டை 30 நாள் சவாலாகப் போடுகிற ரீல்ஸில், 31-வது நாள் வீடியோ மட்டும் ஏன் வருவது இல்லை என்று யோசித்தது உண்டா? காந்தி அந்த 31-வது நாளையும் பிரசுரித்தார்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிடறேன். 21 நாள் மாதிரியான அவருடைய நீண்ட உண்ணாவிரதங்கள் அரசியலுக்கும் பிராயச்சித்தத்துக்கும். எடைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை.

தவிடு எங்கே போச்சு?

இப்போ களம்பூர் மில்லுக்குத் திரும்பலாம். 1934 டிசம்பரில் வார்தாவில் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் தொடங்கியது. அதை முன்நின்று நடத்தியவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி.குமரப்பா. முதல் வேலைகளில் ஒன்று கைக்குத்தல் அரிசி. மில் அரிசி சத்தையும் உரித்துவிடுகிறது, உரலும் உலக்கையுமாக இருந்த பெண்களின் கூலியையும் பிடுங்கிவிடுகிறது என்று காந்தி தன் ஹரிஜன் பத்திரிகையில் தொடர்ந்து எழுதினார். சும்மா எழுதவும் இல்லை. தீட்டாத அரிசி, கையால் திரித்த மாவு, வெல்லம், சோயா, வேப்பிலைத் துவையல் என்று ஒவ்வொன்றையும் ஆசிரமப் பந்தியில் சோதித்தார். சுற்றுவட்டாரத்தில் இலவசமாக முளைக்கிற இலைகளில் எதெது சாப்பிடக்கூடியது என்று தேடித் தின்று பார்த்தார்.

நீலகிரியில் அதே கேள்வியை விஞ்ஞானம் வேறு பக்கம் இருந்து கேட்டுக்கொண்டிருந்தது. குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் என்கிற டாக்டர், இந்தியாவின் பல பகுதி மக்கள் சாப்பிடுகிற சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். முழுக் கோதுமை ரொட்டி, பால், காய்கறி என்று சீக்கியர் சாப்பாடு சாப்பிட்ட எலிகள் நன்றாக வளர்ந்தன. தீட்டின அரிசியை நம்பின மதராஸ் எலிகள் கடைசி. அரிசியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது, அந்தத் தட்டில் பாலும் காயும்கூடக் குறைவு. ஆனாலும் நம்ம தட்டைப் பற்றின நேர்மையான படம் அது.

களம்பூர்க்காரர்கள் சார்பாக ஒரு வார்த்தை. நெல்லை அவிக்கும்போது தவிட்டில் இருக்கிற தயமின் சத்தில் ஒரு பகுதி அரிசிக்கு உள்ளே இறங்கிவிடும். அதனால் தீட்டின பிறகும் புழுங்கலரிசியில் பச்சரிசியைவிட அது கூடுதலாகத் தங்கும். ஆந்திரக் கடலோரத்தில் மில் பச்சரிசி சாப்பிட்டவர்களிடம் பெரிபெரி நோய் பரவலாக இருந்தபோது, புழுங்கல் சாப்பிட்ட தமிழ்நாட்டில் அது குறைவாக இருந்ததற்கு இதுதான் காரணம். நம்ம பாட்டிகள் வைட்டமின் என்கிற பெயர் தெரியாமலேயே காரியத்தைச் சாதிச்சிருக்காங்க.

சரி, தொப்பைக்கு வருவோம். தீட்டாத அரிசிக்கு மாறினால் எடை குறையுமா? தானாகக் குறையாது. வெள்ளை அரிசி, பழுப்பு அரிசி, பக்கத்து ஜவ்வாது மலையில் விளைகிற சாமை, மூணுமே 100 கிராமுக்கு ஏறக்குறைய 350 கலோரிதான். சாமைப் பொங்கலை நெய்யில் முக்கி ரெண்டு தட்டு சாப்பிட்டால் அது டயட் கிடையாது. வித்தியாசம் நார்ச்சத்தில். நார் இருந்தால் மென்று சாப்பிடணும், மெதுவா இறங்கும், அடுத்த பசி தள்ளிப் போகும். முழுசா மாற வேண்டாம், முதலில் ஒரு வேளை போதும். கடையில் ஒரு பாலிஷ் போட்ட அரிசி, கைக்குத்தல் அரிசி என்று கேட்டால் தருவாங்க. ஒரு மாசத்துக்கு மேல் வாங்கி வைக்காதீங்க. தவிட்டில் எண்ணெய் இருக்கு, நாள்பட்டால் சிக்கு வாடை வரும், வண்டும் சீக்கிரம் வரும். ஒரு மணி நேரமாவது ஊறவைச்சு, தண்ணி கூடுதலா வைங்க. முதல் நாள் வீட்டில் திட்டு விழும்.

காந்தியின் அளவுச் சாப்பாடு

1942-ல் ஆகாகான் மாளிகையில் சிறை. அங்கே உட்கார்ந்து ஆரோக்கியம் பற்றி ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். உட்கார்ந்து மூளை வேலை செய்கிற ஒருவர் ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிடலாம் என்று அதில் அளவு கொடுத்திருக்கிறார். அவுன்ஸ், பவுண்டை மாற்றிச் சொன்னால்: பசும்பால் சுமார் 900 கிராம், தானியம் 170 கிராம், கீரை 85, மற்ற காய்கள் 140, பச்சையாகச் சாப்பிடுகிற காய் 28, நெய் 42, வெல்லமோ சர்க்கரையோ 42. தினம் ரெண்டு எலுமிச்சை. பழம், நாக்குக்கும் பர்ஸுக்கும் தக்கபடி. உப்பு ருசிக்கு.

நெய் 42 கிராமா, காந்தியா சொன்னார் என்று கேட்பீங்க. ஆமாம், அவர்தான். கொழுப்பைப் பார்த்துப் பயந்த மனிதர் இல்லை. ஏறக்குறைய 1,800 கலோரி வரும், பழம் தனி. அந்தப் பாலும் வெல்லமும் எடை குறைக்க நினைக்கிற உங்களுக்கு அதிகம், அதில் கையை வைக்கலாம்.

நான் உங்களைக் கவனிக்கச் சொல்வது ஒரே ஒரு எண்ணைத்தான். தானியம் 170 கிராம். சமைக்காத அளவில், நாள் முழுக்க. ஒரு ஆழாக்குக்குக் கொஞ்சம் மேலே. காலை நாலு இட்லி, மதியம் மலை மாதிரி சாதம், ராத்திரி மூணு தோசை என்று போகிற வீட்டில் இந்தக் கணக்கு மத்தியானத்திலேயே முடிஞ்சு போயிருக்கும். காயும் கீரையும் சேர்த்து 250 கிராம், அதாவது தானியத்தைவிட அதிகம். நம்ம தட்டில் இது தலைகீழ்: சாதம் ஒரு மலை, பொரியல் ஒரு ஓரத்தில் பொட்டு மாதிரி. நாளைக்கு ஒரு நாள் மட்டும் அரிசியை அளந்து போட்டுப் பாருங்க. சமைக்கிறது அம்மாவா இருந்தால் அவங்ககிட்ட டம்ளர் கணக்கைக் கேளுங்க, தப்பே சொல்ல மாட்டாங்க.

கஸ்தூர்பா 1944 பிப்ரவரி 22-ல் அதே ஆகாகான் மாளிகையில், சிறையிலேயே இறந்தார். காந்தி அதற்குப் பிறகு நான்கு வருஷம் வாழ்ந்தார். 1948 ஜனவரி 13-ல் டெல்லியில் மதக் கலவரத்துக்கு எதிராக உண்ணாவிரதம் தொடங்கி 18-ல் முடித்தார், வயது 78. தேறிக்கொண்டிருந்த உடம்பு.

ஜனவரி 30, வெள்ளிக்கிழமை. வழக்கம்போல வெளிச்சம் இருக்கும்போதே மாலைச் சாப்பாடு. ஆட்டுப்பால், வேகவைத்த காய், பச்சைக் காய், ஆரஞ்சு, இஞ்சியும் எலுமிச்சையும் சேர்த்த ஒரு கஷாயம். எதிரே வல்லபபாய் படேல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். பேச்சு நீண்டதில் 5 மணிப் பிரார்த்தனைக்குச் சில நிமிடங்கள் தாமதமாகிவிட்டது. தாமதம் அவருக்குப் பிடிக்காது. பேத்தி முறையுள்ள இருவர் தோளில் கை வைத்துக்கொண்டு, புல்வெளியின் குறுக்கே வேகமாக நடந்தார்.